பழனி மலையில் பேண்தகு விடுதிக் கட்டுமானம்

பழனி மலையில் பேண்தகு விடுதிக் கட்டுமானம் என்பது தமிழ்நாட்டின் பழனி மலைத் தொடரிலும், குறிப்பாகக் கொடைக்கானல் நகரிலும், சுற்றுலா விடுதிகளை மலையின் நீர், மண், காடு ஆகியவற்றுக்குக் கேடு விளையாத வகையில் வடிவமைத்துக் கட்டுவதைக் குறிக்கும். கட்டடத்தின் உயரம், நிலச்சரிவைத் தவிர்த்தல், நீர்த் தேவை, கழிவு அகற்றல், கட்டுமானப் பொருள், வருகையாளரின் எண்ணிக்கை ஆகியவை இதில் அடங்கும். இத்துறையில் இந்திய அளவில் அறியப்பட்ட வழக்குகளுள் ஒன்றான பிளசண்ட் ஸ்டே விடுதி வழக்கு கொடைக்கானலில் தோன்றியதாகும். அவ்வழக்கு மலைப்பகுதிக் கட்டட விதிகளை விலக்கும் அரசின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதை நிறுவியது.

== புவியியற் பின்னணி ==

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு நோக்கிய கிளையாகும். இது கிழக்கு மேற்காக ஏறத்தாழ 65 கி.மீ. நீளமும், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 40 கி.மீ. அகலமும் உடையது. பரப்பளவு சுமார் 2,000 சதுர கி.மீ. ஆகும். இதன் பெரும்பகுதி திண்டுக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. மலைத்தொடர் மேல் பழனி, கீழ் பழனி என இரண்டாகப் பிரித்துக் கூறப்படுகிறது. கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை ஆகியவை மேல் பழனியிலும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை ஆகியவை கீழ் பழனியிலும் உள்ளன.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,650 மி.மீ. ஆகும். இதில் கணிசமான பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. சனவரி முதல் மார்ச்சு வரையிலான மாதங்கள் வறண்டவை. சுற்றுலாப் பருவம் உச்சம் பெறும் ஏப்ரல், மே மாதங்கள் இவ்வறட்சியை அடுத்தே வருகின்றன. நீர் குறைந்திருக்கும் காலத்தில் நீர் வேண்டுவோர் மிகுவது இம்மலையின் விடுதிக் கட்டுமானத்தில் அடிப்படைச் சிக்கலாகும்.

மேல் பழனியின் இயற்கை நிலத்தோற்றம் சோலைக்காடும் புல்வெளியும் கலந்தது. பள்ளங்களில் சோலைகளும், முகடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளிகளும் காணப்படுகின்றன. இவை மழை நீரை உறிஞ்சி வைத்திருந்து, மழை நின்ற பின்னரும் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. ஆங்கிலேயர் காலத்திலும் விடுதலைக்குப் பின்னும் பல புல்வெளிகளில் சீகை, தைலமரம், பைன் ஆகியவை நடப்பட்டன.

மலையின் வடபுறம் பெய்யும் மழை பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு ஆகிய அணைகளுக்கும், தென்புறமும் கிழக்கும் பெய்யும் மழை மஞ்சளாறு, மருதாநதி ஆகிய அணைகளுக்கும் செல்கிறது. பழனி, ஒட்டன்சத்திரம், தேவதானப்பட்டி, அய்யம்பாளையம் முதலிய ஊர்களின் வேளாண்மையும் குடிநீரும் இவற்றைச் சார்ந்துள்ளன. ஆகவே மலைமேல் கட்டப்படும் கட்டடத்தின் விளைவு மலையோடு நின்றுவிடுவதில்லை.

== வரலாறு ==

மலையில் பளியர், புலையர் ஆகிய பழங்குடியினர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். தாண்டிக்குடிப் பகுதியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் உள்ளன. அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1845ஆம் ஆண்டு கொடைக்கானலில் குடியேறத் தொடங்கினர். சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி அவர்கள் கட்டிய வீடுகளே ஊரின் முதல் கோடைக்கால இல்லங்களாகும். மதுரை ஆட்சியராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863ஆம் ஆண்டு ஓடைகளை மறித்துக் கொடைக்கானல் ஏரியை அமைத்தார். ஏரியிலிருந்து வழியும் நீரே மலைச்சாலையோரம் உள்ள வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது.

தொடக்ககாலக் கட்டடங்கள் பெரும்பாலும் அருகில் கிடைத்த கருங்கல்லால் ஆன சுவரும், சரிவான ஓட்டுக் கூரை அல்லது தகரக் கூரையும் கொண்ட ஒற்றைத் தள வீடுகளாக இருந்தன. மலைக்கு ஏறச் சாலை இல்லாமையால் பொருள்களை ஆட்களே சுமந்து வந்தனர். இதனால் கட்டடத்தின் அளவு தானாகவே வரம்புக்கு உட்பட்டிருந்தது. 1910களில் மலைச்சாலை அமைக்கப்பட்டு ஊர்திகள் வரத் தொடங்கியதும் இந்நிலை மாறியது. சிமெண்டும் கம்பியும் மலையேறியபின் மாடிக் கட்டடங்கள் பெருகின.

1970களுக்குப் பின் உள்நாட்டுச் சுற்றுலா வேகமாக வளர்ந்தது. ஏரியைச் சுற்றியும், பேருந்து நிலையப் பகுதியிலும், பின்னர் வில்பட்டி, வட்டக்கானல், அடுக்கம் முதலிய சுற்றுப்புறங்களிலும் விடுதிகளும் குடில்களும் தோன்றின. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501 ஆகும்.

== கட்டுமானத்தால் எழும் சிக்கல்கள் ==

=== சரிவு ===

மலைச்சரிவில் சமதளம் பெறுவதற்கு மேற்புறத்தை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறத்தில் கொட்டுவது வழக்கம். வெட்டப்பட்ட முகம் தாங்கலின்றி நிற்கிறது. கொட்டப்பட்ட மண் இறுகாமல் இருக்கிறது. கனமழையில் நீர் இம்மண்ணுக்குள் இறங்கும்போது மண்ணின் எடை கூடுகிறது. துகள்களுக்கிடையிலான பிடிப்புக் குறைகிறது. இரண்டும் சேர்ந்து சரிவு நேர்கிறது. சரிவின் அடியை வெட்டுவது மேலே உள்ள பிறர் நிலத்தையும் நிலைகுலையச் செய்யும்.

=== நீர் ===

இந்தியக் கட்டட விதித்தொகுப்பு சாதாரண விடுதிகளுக்குப் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரைக் கணக்கிடுகிறது. நட்சத்திரத் தகுதி உயர்ந்த விடுதிகளுக்கு இந்த அளவு 320 லிட்டராகும். 100 படுக்கைகள் கொண்ட சாதாரண விடுதி நிறைந்திருக்கும் நாளில் 18,000 லிட்டர் வேண்டும். நகராட்சி நீர் போதாதபோது விடுதிகள் தனியார் நீர் ஊர்திகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் நாடுகின்றன. கெட்டியான பாறைப் பகுதியில் நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில் மட்டுமே தங்குகிறது. ஒரு கிணறு ஆழமாகத் தோண்டப்பட்டால் அதே வெடிப்பைச் சார்ந்த ஊற்று வற்றக்கூடும்.

=== கழிவு ===

சமவெளியில் வழங்கும் கழிவுநீர்த் தொட்டி, உறிஞ்சு குழி ஆகியவை மலைச்சரிவுக்குப் பொருந்துவதில்லை. மேல்மண்ணின் ஆழம் குறைவான இடத்தில் குழியில் விடப்படும் நீர் பாறையின் மேல் வழுக்கிச் சென்று கீழே ஊற்றாக வெளிப்படுகிறது. அவ்வூற்று மற்றொரு குடியிருப்பின் குடிநீராகவும் இருக்கலாம். கொடைக்கானலில் இயங்கி 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மாசு, முகட்டில் சேரும் மாசு கீழுள்ள சோலையையும் ஓடையையும் அடையும் என்பதை விளக்கும் சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது.

=== காடும் உயிரினங்களும் ===

பழனி மலையின் செடிகொடிகளைத் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தைச் சேர்ந்த கே. எம். மேத்யூ ஆராய்ந்து 1990களில் விரிவான நூலாக வெளியிட்டார். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இங்கு 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. காட்டெருது, வரையாடு, கருமந்தி முதலிய விலங்குகள் இங்கு வாழ்கின்றன. வேலி, மதில், இரவு விளக்கு ஆகியவை விலங்குகளின் வழித்தடத்தை மறிக்கின்றன. காட்டெருதுகள் ஊருக்குள் நுழைவது கொடைக்கானலில் அடிக்கடி நிகழ்கிறது. பழனி மலைக் காடுகளின் ஒரு பகுதி 2013ஆம் ஆண்டு கொடைக்கானல் வனவுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

== சட்டங்களும் அமைப்புகளும் ==

பழனி மலையில் விடுதி கட்டுவோர் பல சட்டங்களுக்கு உட்பட வேண்டியுள்ளது. அவற்றுள் முதன்மையானவை:

* தமிழ்நாடு மலைப்பகுதிகள் (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955 – மரம் வெட்டுவதையும், மலைச்சரிவைப் பண்படுத்துவதையும் கட்டுப்படுத்துகிறது.
* தமிழ்நாடு நகர், ஊரமைப்புச் சட்டம், 1971 – நிலப் பயன்பாட்டைத் திட்டமிட வழிசெய்கிறது. கொடைக்கானலுக்கான முழுமைத் திட்டம் இதன்கீழ் 1993ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது.
* மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் மலைவாழிடங்களுக்கான பிரிவுகளும், அவற்றின்கீழ் 1993ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட கட்டட விதிகளும் – உயரத்தையும் தளங்களின் எண்ணிக்கையையும் வரையறுத்தன.
* மலையிடப் பாதுகாப்புக் குழுமம் – 1990ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசால் அமைக்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் கட்டுமானத்துக்கு வனம், புவியியல், வேளாண் பொறியியல் முதலிய துறைகளின் கருத்து பெறப்படுகிறது.
* மழைநீர் சேகரிப்பு – தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது.

நடுவண் அரசின் 1994ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் 5 கோடி உரூபாய்க்கு மேல் முதலீடு செய்யப்படும் சுற்றுலாத் திட்டங்களுக்கு முன்னிசைவு பெற வேண்டும் என்றது. இதற்கு மாற்றாக வந்த 2006ஆம் ஆண்டு அறிவிக்கையில் உயரத்தைக் கொண்டு சுற்றுலாத் திட்டத்தை வகைப்படுத்தும் முறை இல்லை. மாறாக, 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டடப் பரப்பு உடைய திட்டங்களே பொதுவாக இசைவு பெற வேண்டியவை ஆயின. சமவெளியில் இவ்வளவு நடுத்தரமானது. மலைச்சரிவில் மிகப் பெரியது. ஆகவே மலையில் கட்டப்படும் பெரும்பாலான விடுதிகள் இவ்வறிவிக்கையின் வரம்புக்குள் வருவதில்லை. அவற்றுக்கு மாநில, உள்ளாட்சி விதிகளே காப்பாக உள்ளன.

மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலை ஆராய மாதவ் காட்கில் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2011ஆம் ஆண்டு அறிக்கை அளித்தது. மலை முழுவதையும் சூழல் உணர்வு வலயங்களாகப் பிரித்த அக்குழு, புதிய மலைவாழிடங்கள் உருவாக்கப்படலாகாது என்று பரிந்துரைத்தது. அதன்பின் கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு 2013ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, மலைப்பரப்பில் ஏறத்தாழ 37 விழுக்காட்டைச் சூழல் உணர்வுப் பகுதியாகக் கொள்ளப் பரிந்துரைத்தது. இதனை ஒட்டிய வரைவு அறிவிக்கைகள் 2014 முதல் பலமுறை வெளியாயின. ஆறாவது வரைவு 2024 சூலை 31 அன்று வெளியிடப்பட்டது.

== பிளசண்ட் ஸ்டே விடுதி வழக்கு ==

1990களின் தொடக்கத்தில் கொடைக்கானலில் பிளசண்ட் ஸ்டே என்னும் விடுதிக்குத் தரைத்தளமும் முதல் தளமும் கட்ட உள்ளாட்சி அமைப்பு இசைவு அளித்திருந்தது. ஆனால் அங்கு ஏழு தளங்கள் எழுப்பப்பட்டன. 1985ஆம் ஆண்டு கொடைக்கானலில் தொடங்கப்பட்ட பழனி மலைகள் பாதுகாப்பு மன்றம் இதனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது.

வழக்கு நடைபெற்று வருகையில் 1994ஆம் ஆண்டு மாநில அரசு, விதிகளிலிருந்து அவ்விடுதிக்கு விலக்களித்து ஆணை பிறப்பித்தது. இதனால் கூடுதலாகக் கட்டப்பட்ட ஐந்து தளங்களும் முறைப்படுத்தப்பட்டன. 1995ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் இவ்வாணையை நீக்கம் செய்து, கூடுதல் தளங்களை இடிக்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டை அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் விசாரித்தது. விலக்கு செல்லாது என்னும் முடிவு அங்கும் நிலைபெற்றது.

விதியை விலக்கும் அதிகாரம் சட்டத்தில் இருந்தாலும், அது விதியின் நோக்கத்தையே அழிக்கும் வகையில் பயன்படுத்தப்படலாகாது என்பது இவ்வழக்கால் தெளிவாயிற்று. கட்டி முடித்தபின் முறைப்படுத்திக் கொள்ளலாம் என்னும் எதிர்பார்ப்பையும் இது மறுத்தது.

விலக்கு அளித்தது தொடர்பாகப் பின்னர் ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. 2000 பெப்ரவரி 2 அன்று சென்னைச் சிறப்பு நீதிமன்றம், 1991–1996 காலத்தில் முதலமைச்சராக இருந்த ஜெ. ஜெயலலிதா, உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த டி. எம். செல்வகணபதி உள்ளிட்டோருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அன்றே தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் போராட்டத்தின்போது பேருந்து ஒன்று எரிக்கப்பட்டது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மாணவியர் மூவர் அதில் உயிரிழந்தனர். மேல்முறையீட்டில் 2001 டிசம்பர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை இவ்வழக்கிலிருந்து விடுவித்தது. குற்ற வழக்கின் இம்முடிவு, கூடுதல் தளங்கள் பற்றி 1995ஆம் ஆண்டு அளிக்கப்பட்ட தீர்ப்பை மாற்றவில்லை.

== பிற்கால நடவடிக்கைகள் ==

பிளசண்ட் ஸ்டே தீர்ப்புக்குப் பின்னும் விதிமீறிய கட்டுமானம் நிற்கவில்லை. 2018ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முன் நடந்த வழக்கில், கொடைக்கானல் நகராட்சியில் 1,400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் விதிமீறியவையாகக் குறிப்பிடப்பட்டன. நீதிமன்ற உத்தரவின்படி 2019ஆம் ஆண்டு பல வணிகக் கட்டடங்களுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டு முழுமைத் திட்டம் காலத்துக்கு ஒவ்வாததாகிவிட்டது என்பது இவ்வழக்குகளின்போது கட்டட உரிமையாளர்கள் முன்வைத்த வாதங்களுள் ஒன்றாகும்.

வருகையாளர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முயற்சியும் நீதிமன்றத்தின் வழியே வந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு 2024 மே 7 முதல் மின்னனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் சூன் வரை கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 ஊர்திகள், வார இறுதி நாள்களில் 6,000 ஊர்திகள் என உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. மலையின் தாங்குதிறனை ஆராயும் பணி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திடமும் பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. விடுதி அறைகளின் எண்ணிக்கையை இத்தகைய தாங்குதிறனுடன் இணைப்பதே பேண்தகு திட்டமிடலின் முதற்படி என்பது சூழலியலாளர் கருத்தாகும்.

== வடிவமைப்புக் கோட்பாடுகள் ==

=== இடத்தெரிவு ===

கட்டடம் எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டாலும் தவறான இடத்தில் அமைந்தால் பயனில்லை. ஓடை, ஊற்று, சதுப்பு, சோலை விளிம்பு, செங்குத்தான சரிவு, முன்னர் மண் சரிந்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே கட்டடம் இருந்த நிலத்தை மீண்டும் பயன்படுத்துவது புதிய சரிவை வெட்டுவதைவிடச் சிறந்தது. கோடையில் மட்டும் நிலத்தைப் பார்த்து முடிவு செய்வது போதாது. வடகிழக்குப் பருவமழையின்போது நீர் எவ்வழி ஓடுகிறது என்பதை நேரில் காண வேண்டும்.

=== சரிவுக்கேற்ற அமைப்பு ===

பெருங்கட்டடம் ஒன்றைக் காட்டிலும் சம உயரக் கோட்டின் வழியே அமையும் சிறு கட்டடங்கள் மண் வெட்டுதலைக் குறைக்கும். எனினும் குடில்களை மிகவும் சிதறவிட்டால் அவற்றை இணைக்கும் பாதைகளே பெருஞ்சேதம் விளைவிக்கும். ஆகவே சிறு கட்டடங்களைத் தொகுதிகளாக அமைத்து, ஊர்திச் சாலையை நுழைவாயிலோடு நிறுத்தி, உள்ளே நடைபாதை மட்டும் அமைப்பது பொருத்தமானது. தரையைச் சமமாக்காமல் தூண்களின்மேல் தளத்தை எழுப்பினால் மழைநீர் கட்டடத்தின் கீழ் தன் போக்கில் ஓடும்.

தாங்குசுவர் கட்டுமிடத்தில் சுவரின் பின்புறம் சல்லி நிரப்பி, சுவரில் நீர்க்கசிவுத் துளைகள் விட வேண்டும். இவை இல்லாவிடில் சுவருக்குப் பின் தேங்கும் நீரின் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். வெட்டப்பட்ட முகத்தின் மேற்பகுதியில் வடிகால் அமைத்து நீரைப் பக்கவாட்டில் திருப்புவதும், வெட்டு முகத்தில் ஆழ வேரூன்றும் புற்களை வளர்ப்பதும் துணைபுரியும்.

=== நீர்க் கணக்கு ===

1,000 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,650 மி.மீ. மழை பெய்து, அதில் 80 விழுக்காடு சேகரிக்கப்படுமாயின் 13.2 லட்சம் லிட்டர் நீர் கிடைக்கும். நாளொன்றுக்கு 18,000 லிட்டர் வேண்டும் 100 படுக்கை விடுதிக்கு இது ஏறத்தாழ 73 நாள்களுக்குப் போதும். ஆண்டு முழுவதும் கூரை நீரையே நம்ப வேண்டுமானால் ஏறத்தாழ 5,000 சதுர மீட்டர் கூரை வேண்டும். மழை பெய்யும் காலமும் நீர் வேண்டும் காலமும் வேறுவேறு ஆதலால் பெரிய தேக்கமும் வேண்டும். ஏப்ரல் முதல் சூன் வரை 91 நாள்களுக்கு வேண்டிய 16.4 லட்சம் லிட்டரைத் தேக்க 3 மீட்டர் ஆழமும் ஏறத்தாழ 550 சதுர மீட்டர் பரப்பும் உள்ள தொட்டி தேவை. 1,600 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள இத்தகைய தொட்டியைச் சரிவில் வைப்பது தானே ஓர் இடராகும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, மழைநீர் சேகரிப்பு தேவையானது. ஆனால் தனித்து நின்று போதுமானது அன்று. இரண்டாவது, நீர் கிடைக்கும் அளவைக் கொண்டு அறைகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டுமேயன்றி, அறைகளின் எண்ணிக்கையை முடிவு செய்தபின் நீரைத் தேடலாகாது. நீச்சல் குளத்தைத் தவிர்த்தல், குளியல் நீரைத் தூய்மையாக்கிக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் பயன்படுத்தல் ஆகியவற்றால் தேவையைக் குறைக்கலாம்.

=== கழிவு மேலாண்மை ===

கழிவுநீரை உறிஞ்சு குழியில் விடாமல், காற்றில்லாத் தொட்டி அறைகளிலும் பின்னர் சல்லியும் நாணலும் கொண்ட படுகையிலும் செலுத்தித் தூய்மையாக்கும் முறை மின்சாரம் மிகுதியாக வேண்டாதது. ஆனால் குளிரில் நுண்ணுயிர்களின் செயல் மெதுவாவதால், சமவெளியைக் காட்டிலும் பெரிய தொட்டிகள் வேண்டும். சமையற்கழிவை மூடிய கலன்களில் வைத்து உரமாக்க வேண்டும். திறந்து வைக்கப்படும் கழிவு குரங்கு, காட்டெருது, காட்டுப்பன்றி ஆகியவற்றை ஈர்க்கும். ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் 2019 சனவரி 1 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளன.

=== பொருளும் ஆற்றலும் ===

மலைக்கு வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு டன் பொருளும் மலைச்சாலையில் ஊர்தியால் ஏற்றப்பட வேண்டும். பழைய கட்டடங்களின் கல், மரம், ஓடு ஆகியவற்றை மீண்டும் பயன்படுத்துவதும், தோட்டங்களில் வெட்டப்படும் சீகை, தைலமரங்களைப் பயன்படுத்துவதும் இதனைக் குறைக்கும். ஆரோவில் மண் நிறுவனம் பரப்பிவரும், ஏறத்தாழ 5 விழுக்காடு சிமெண்டு கலந்து அழுத்திய மண்கட்டிகள் சூளையின்றிச் செய்யப்படுபவை. மழை மிகுந்த மலையில் இவற்றுக்கு உயர்ந்த அடித்தளமும் அகன்ற கூரைத் தாழ்வாரமும் வேண்டும். இவற்றுக்காகச் சரிவிலேயே மண் தோண்டுவது நோக்கத்துக்கு முரணாகும்.

கொடைக்கானலில் குளிரூட்டி தேவையில்லை. வெந்நீரும் இரவு வெப்பமுமே தேவை. தெற்கு நோக்கிய சன்னல்கள், தடித்த சுவர், வெப்பம் கடத்தாக் கூரை ஆகியவற்றால் பகல் வெப்பத்தை இரவுக்குச் சேமிக்கலாம். கதிரவ நீர்க்கொதிகலன் பயனுள்ளதாயினும் மூடுபனி நாள்களில் மாற்று ஏற்பாடு வேண்டும். அம்மாற்று விறகானால் அதன் சுமை சோலைகளின் மேல் விழும்.

== பிற இடங்களின் அனுபவம் ==

* சிகூர், நீலகிரி: யானை வழித்தடத்தில் அமைந்த விடுதிகளை மூட உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு உத்தரவிட்டது. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு வெளியிட்ட வழித்தட அறிவிக்கையை 2020 அக்டோபர் 14 அன்று உறுதி செய்தது.
* மூணாறு, கேரளம்: 2007ஆம் ஆண்டு அரசு நில ஆக்கிரமிப்புகளும் விடுதிகளும் இடிக்கப்பட்டன. முறையான நடைமுறையின்றி நடந்த சில இடிப்புகளை நீதிமன்றம் பின்னர் குறை கூறியது.
* நெடியதுருத்து, கேரளம்: வேம்பநாட்டுக் காயல் தீவில் கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிக் கட்டப்பட்ட கபிகோ விடுதியை அகற்ற உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு உத்தரவிட்டது. இடிப்புப் பணி 2022ஆம் ஆண்டு தொடங்கியது.
* கண்டலம, இலங்கை: கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த 152 அறைகள் கொண்ட விடுதி தம்புள்ளை அருகே 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பாறைமுகத்தை ஒட்டி நீண்டு, தூண்களின்மேல் நிற்கும் இக்கட்டடத்தைக் கொடிகள் மூடியுள்ளன. கண்டலமக் குளத்துக்குக் கேடு வரும் என்று கட்டுமானக் காலத்தில் உள்ளூர் மக்களும் பௌத்தத் துறவிகளும் கடுமையாக எதிர்த்தனர். பெரிய விடுதியும் நிலத்தோற்றத்துக்குள் அடங்கி நிற்க முடியும் என்பதற்குப் பின்னர் இது எடுத்துக்காட்டானது.

== கருத்து வேறுபாடுகள் ==

கொடைக்கானல் மக்களுள் பெரும்பாலோரின் வருவாய் நேராகவோ மறைமுகமாகவோ சுற்றுலாவைச் சார்ந்துள்ளது. கட்டட விதிகள் கடுமையானால் சிறு விடுதி நடத்துவோரும் சொந்த வீட்டை விரிவாக்க விரும்புவோருமே முதலில் பாதிக்கப்படுவதாகவும், பெருநிறுவனங்கள் இசைவு பெறும் வழிகளை அறிந்திருப்பதாகவும் உள்ளூரார் கூறுகின்றனர். இசைவு பெறுவதற்கு நெடுங்காலம் ஆவதே விதிமீறலுக்குக் காரணம் என்பதும் ஒரு கருத்து.

மாறாக, பருவ நாள்களின் நீர்த் தட்டுப்பாட்டையும் போக்குவரத்து நெரிசலையும் முதலில் தாங்குவோரும் அதே மக்களே என்று சூழல் அமைப்புகள் சுட்டுகின்றன. தனியொரு விடுதியைப் பேண்தகு முறையில் கட்டினாலும், அத்தகைய விடுதிகள் நூறு சேரும்போது மலை தாங்குமா என்னும் வினா எஞ்சுகிறது. ஒரு கட்டடத்துக்கு அளிக்கப்படும் பசுமைச் சான்றிதழ் அக்கட்டடத்தையே அளவிடுகிறது; நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் அளவிடுவதில்லை. ஆகவே கட்டட அளவிலான வடிவமைப்பும், நீர்ப்பிடிப்பு அளவிலான வரம்பும் சேர்ந்தே செயற்பட வேண்டும் என்பது இவ்விவாதத்தில் பரவலாக ஏற்கப்படும் நிலைப்பாடாகும்.

== இவற்றையும் பார்க்க ==

* கொடைக்கானல்
* பழனி மலை
* சோலைக்காடு
* மேற்குத் தொடர்ச்சி மலை
* பேண்தகைமை
* மழைநீர் சேகரிப்பு
* நிலச்சரிவு